தராசக்காவும் நூறு கிலோ கதவும்

கார் ஷெட்டுக்குத் தானியங்கிக் கதவு பொருத்தும் தொழிலில் இருப்பவர்கள் அவரைத் தராசக்கா என்றே அழைப்பார்கள். மோட்டாரைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே அவர் கதவைக் கையால் தூக்கி, இடுப்பளவில் நிறுத்தி, இரண்டு கைகளையும் எடுத்துவிடுவார். கதவு கீழே இறங்கினால் அதன் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கில் முறுக்குப் போதவில்லை. மேலே ஏறினால் முறுக்கு அதிகம். அந்தரத்தில் அப்படியே நின்றால்தான் ஸ்பிரிங்கும் கதவும் சரிக்குச் சரியாக இருக்கின்றன என்று பொருள். கதவு நின்ற பிறகே மோட்டாரைத் தொடுவார்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் எட்டு ஆண்டுகள் நாடக அரங்கில் திரை ஏற்றியவர் அவர். மறுமுனையில் தொங்கும் எதிரெடைகளின் துணையோடு முழு அரண்மனைத் திரையையும் ஒற்றைக் கயிற்றில் மேலே அனுப்பிய கை. அதன் பிறகு பதினேழு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதவுகளைப் பார்த்தாயிற்று. இருந்தும், நூறு கிலோ இரும்பு தனக்கு எடையே இல்லாதது போல் காற்றில் நிற்கும்போது அவர் இன்றும் ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. மோட்டாரும் மின்தடைக்கான பேட்டரியும் பொருத்தியானதும், வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரும் சிவப்புக் கயிற்றை இழுத்து, மோட்டாரிலிருந்து கதவை விடுவித்து, தம் கையால் ஒருமுறை தூக்கியாக வேண்டும். தூக்கியவர் யார், எந்தத் தேதியில் என்பது அவருடைய குறிப்பேட்டில் ஏறும். "அதான் பேட்டரி இருக்கே" என்று முனகுபவர்களிடம், "கரண்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கறதா பேட்டரி உங்களுக்கு எழுதியா குடுத்துச்சு?" என்று கேட்பார்.

ஒரே ஒரு வீட்டில் அவர் விட்டுக்கொடுத்தார்.

துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவரின் வீடு அது. கிரேன்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகி, கால்களும் வலுவிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காரில் அழைத்துப் போவது அவர் மனைவி. வாசல் பக்கம் ஏழு படிகள். நாற்காலி வெளியே போக ஷெட்டை விட்டால் வேறு வழி கிடையாது.

நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அந்த மனைவி, சிவப்புக் கயிற்றை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தோள்பட்டை வலி என்றார். தன்னால் ஆகாது என்றார். கிரேன்காரர் பக்கத்திலிருந்து ஊதிவிட்டார். "மருந்து பாட்டில் மூடியவே என்கிட்டதான் நீட்டுவா. இவளாவது, கதவத் தூக்கறதாவது." மனைவி சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த தராசக்காவுக்கு வற்புறுத்த மனம் வரவில்லை. மின்சாரம் போனாலும் பேட்டரியில் இருபது முறை திறந்து மூடலாம், போதும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். குறிப்பேட்டில் அந்த வீட்டுக்கான வரி பாதியில் நின்றது. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தார். நான்கு மாதங்கள் ஓடிவிட்டன.

பிறகு ஒரு நாள் காற்றும் மழையுமாக வந்து ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று. மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தராசக்காவின் செல்பேசி அடித்தது. ரிமோட்டை அழுத்தினால் கதவு அசையவில்லை என்று நூலகத்து அம்மாள் சொன்னார். பத்தரைக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். இன்றைய முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று சென்ற முறையே எச்சரித்திருந்தார்கள். அவசர ஊர்தியைக் கேட்டால் இரண்டு மணி நேரம் ஆகுமாம். அக்கம்பக்கத்தவர் நேற்றிரவே உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தனர்.

பேட்டரி எப்படித் தீர்ந்தது என்று தராசக்கா கேட்டார். பின்னாலிருந்து கிரேன்காரரின் குரல் மெலிந்து வந்தது. "கரண்டு இல்லாமயே திறக்குதுன்னு நேத்து ஒரு நாலு பேருக்குக் காட்டினேன்மா."

"நாலா? தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு" என்றார் மனைவி.

தராசக்கா வண்டிச் சாவியை எடுத்தார். உடனே திரும்ப வைத்தார். மழையால் வழியிலிருந்த பாலத்தை மூடியிருந்தார்கள். சுற்றுவழியாகப் போனால் எப்படியும் மதியம் ஆகிவிடும். ஒரு நாள் ஐந்து நிமிடம் பிடிவாதமாக நிற்காததன் விலை இதுவா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தக் கதவு அன்று இடுப்பளவில் ஆடாமல் நின்றது நிச்சயம். ஆனால் நான்கு மாதத்தில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால்? கதவைப் பார்க்காமல் அவர் எதைச் சொல்வது?

"அக்கா, போனை ஸ்பீக்கர்ல போட்டு அலமாரில வைங்க. கதவு தரை வரைக்கும் மூடியிருக்கா?" என்று கேட்டார் தராசக்கா.

"மூடியிருக்கு."

"அப்ப சிவப்புக் கயித்தக் கீழ இழுங்க."

கடக்கென்று ஓர் ஓசை கேட்டது.

"இப்ப கீழ இருக்கற கைப்பிடி. ரெண்டு கையாலயும் பிடிங்க. பலகை மடியற எடத்துல விரல் வேணாம். தோள்ல பாரம் ஏத்தாதீங்க, முட்டி மடக்கி எந்திரிங்க. கனமா இருந்தா உடனே விட்டுடணும், என்ன?"

செல்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார் தராசக்கா. முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு கதவின் உருளைகள் தடத்தில் நகரும் மெல்லிய அரவம். அது நிற்காமல், சீராக, மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. அதுவரை மூடிய அறைக்குள் மந்தமாக இருந்த பின்னணியில் திடீரென்று மழை முழு ஓசையோடு வந்து நிறைந்தது.

"ஏம்மா," என்றார் நூலகத்து அம்மாள். குரல் தாழ்ந்திருந்தது. "இது தானாப் போகுதே. நான் தூக்கவே இல்லியே."

"நீங்கதான்க்கா தூக்கினீங்க."

முப்பது ஆண்டுகள் இயந்திரத்தால் பாரம் தூக்கிய கிரேன்காரர், "இன்னொரு தடவ பண்ணிக் காட்டேன்" என்றார்.

"காட்டினது போதும். பிரேக்க எடுங்க" என்றார் மனைவி.

நாற்காலிச் சக்கரங்கள் உருண்டன. கார்க் கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தப்பட்டன. வண்டி உறுமி, வெளியே இறங்கி, தூரத்தில் கரைந்தது. அவசரத்தில் செல்பேசி அலமாரியிலேயே தங்கிவிட்டது. தராசக்கா தொடர்பைத் துண்டிக்கவில்லை. யாருமில்லாத ஷெட்டுக்குள் பெய்வது போலக் கேட்ட அந்த மழையை, நின்ற இடத்திலேயே நின்று நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.