லெஸ்டர் பிரபுவுக்குப் பொன்னாடை

அனோஜினி அந்த வீட்டின் முதல் பட்டதாரி. படித்ததோ இங்கிலாந்தின் இடைக்கால வரலாறு. அதை வைத்து என்ன செய்வதென்று சொந்தக்காரர் எவருக்கும் விளங்கவில்லை, அவளுக்கும்தான். பகலில் ஓர் அலுவலகத்தில் ஃபோன் எடுக்கும் வேலை. அதனால் லண்டனின் மிச்சம் பகுதியிலுள்ள தமிழ்ப்பள்ளியில் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதித் தரச் சொன்னபோது உடனே ஒப்புக்கொண்டாள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் லெஸ்டர் பிரபு சைமன் டி மொன்ஃபோர்ட்டைப் பற்றி எழுதினாள். மற்றப் பிரபுக்களோடு சேர்ந்து மூன்றாம் ஹென்றி மன்னனை எதிர்த்து, போரில் பிடித்து, நகரத்து மனிதர்களையும் நாடாளுமன்றத்துக்கு அழைத்தவர். அதே கிளர்ச்சியில் அவருடைய ஆட்கள் லண்டன் யூதர்களின் வீடுகளில் புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றதையும், கொள்ளையில் அவருக்கும் பங்கு போனதாக அக்காலத்தவர் எழுதிவைத்ததையும் ஒரு காட்சியாக்கினாள்.

ஒத்திகையன்று பள்ளித் தலைவர் ஞானேஸ்வரன் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்.

"ஏன் அங்கிள்?"

"சனம் வாறது ரோல்ஸ் சாப்பிட்டுக் கைதட்ட, பிள்ளை. செத்தவீடு காட்டேலுமே?"

"அந்தாளை நல்லவனாக் காட்டுறது பொய்யெல்லோ?"

"ராசாவை எதிர்த்தவன். எங்கடை சனத்துக்கு அது போதும்."

அவளுக்கு வாய் நிற்கவில்லை. "எண்பத்து மூண்டுக் கலவரத்திலை உங்கடை கொழும்புக் கடையை எரிச்சவனை ஒருத்தர் இப்பிடி மேடையேத்தினா?"

அவர் முகம் கறுத்தது. "அது வேற."

நாடகத்தையே தரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா ஏற்கெனவே நோர்பரியில் இருந்த சொந்தங்களையெல்லாம் அழைத்துவிட்டாள்.

விழாவில் பள்ளி மாணவி லக்‌ஷிகா அட்டைக் கவசத்தோடு சைமனாக வாளை உயர்த்தினாள். வழக்கம்போல், நன்றாக நடித்த பிள்ளைக்குப் பொன்னாடை. ஞானேஸ்வரன் அதைப் போர்த்திவிட்டு, "நீதிக்காகப் போராடின பிரபு!" என்று மைக்கில் முழங்கினார். சனம் எழுந்து நின்று தட்டியது. தட்டுவது பிள்ளையின் நடிப்புக்கு என்று அனோஜினி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். இல்லை. அவர்கள் தட்டுவது தன் எழுத்துக்கு.

"அடுத்தது, நாடகம் எழுதின எங்கடை அனோஜினி!"

தோளில் விழுந்த பொன்னாடையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மைக்கை வாங்கினாள். "ஒரு காட்சி விடுபட்டுப் போச்சுது. இந்தப் பிரபுவின்ரை ஆக்கள் லண்டனிலை யூதச் சனத்தை வீடு வீடாப் போய் வெட்டினவங்கள்..."

ஞானேஸ்வரன் கை காட்ட, மைக் செத்தது. அவள் தொண்டை கிழியத் தொடர்ந்தாள். முன்வரிசை மட்டும் கேட்டது.

"என்னவாம்?" என்றது பின்வரிசை.

"சாப்பாடு ரெடியாம்!" என்று யாரோ கத்த, கதிரைகள் கிறீச்சிட்டன. மண்டபம் காலியானது. அம்மாவும் அவளைப் பாராமலே எழுந்து போனாள்.

ஞானேஸ்வரன் மட்டும் நின்றார். "தப்பினவை எங்கை போனவை?"

"லண்டன் டவர் கோட்டைக்கை ஒளிச்சவை."

"ம். கடை எரிஞ்ச பிறகு எங்களை ஒரு பள்ளிக்கூடத்திலை அகதியா வச்சிருந்தவங்கள்." பிறகு, "இனிமேல் மேடையிலை இப்பிடிச் செய்யாதை, பிள்ளை. ஆக்கள் பார்க்கினம்," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றார்.

வரிசையின் முன்னால் லக்‌ஷிகா ரோல்ஸ் எண்ணெயைத் தன் பொன்னாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். அனோஜினி தன்னுடையதை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தாள்.