ஆண்கள் வரிசையில் ஆளில்லை

தங்கை போராடி வாங்கியவை இவை: மூச்சிரைப்பு உள்ளவள் ஓடவே கூடாது என்ற டாக்டரிடமிருந்து, ஓடலாம் என்று சான்று. பேன்ட் போட்டுத் தெருவில் நடக்க அப்பாவின் சம்மதம். அதற்காக அவள் சாப்பிடாமல் கிடந்தாள். ராணுவ ஆள்சேர்ப்பு ஓட்டத்தில் முதலிடம், வாய் பிளந்த ஷூவோடு. தெருப் பையன்கள் கேலியாக வைத்த 'குதிரை' என்ற பெயரை அவர்கள் வாயாலேயே மரியாதையாகச் சொல்ல வைத்ததும் அவள்தான்.

அந்த ஊரில் மீசை முளைத்தவன் எல்லாம் கப்பல் பட்டறைக்குப் போய்விடுவான். வெல்டிங் தெரிந்தால் கை நிறையச் சம்பளம். அண்ணனுக்கும் அங்கேதான் வேலை. பட்டறையில் பெண்களை எடுப்பதில்லை. அவர்களுக்கு இருந்தது இறால் கம்பெனி ஒன்றுதான். அங்கே ஐஸில் கைவைத்து அம்மாவின் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் கையைச் சட்டென்று எடுக்க மாட்டாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தங்கை ராணுவம், ராணுவம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மற்றப் பெண்களும் அப்படித்தான். ஆள்சேர்ப்பு நாளில் அவர்கள் வரிசை கேட்டைத் தாண்டித் தெருமுனை வரை போகும். ஆண்கள் வரிசையில் காவலுக்கு நின்ற சிப்பாயும் ஒரு நாயும்.

அந்த வட்டாரத்துப் பெண்களுக்கு ஒரே ஓர் இடம். ஓட்டத்தில் அவள் முந்தினாலும், உயரம் அளக்கும்போது ஒவ்வொரு தடவையும் அவளைவிட உயரமான யாரோ ஒருத்திக்கு அது போனது. வயது வரம்பு முடியப் போகிறது என்றதும் அண்ணன் அரை நாள் லீவு போட்டு அதிகாரியைப் பார்க்கப் போனான்.

"சார், பசங்க இடமெல்லாம் காலியா கிடக்கு. அதுல ஒண்ணு என் தங்கச்சிக்குக் குடுத்தா என்ன சார்?"

"அது ஆம்பளைங்க இடம்பா. காலியா கிடந்தாலும் ஆம்பளைங்க காலி."

"பொம்பளைங்க இடம் வேற எங்கயும் காலி இல்லையா?"

"இருக்கே, மலைப்பக்கம். அங்க பசங்க முட்டி மோதுறாங்க, பொண்ணு ஒண்ணுகூட எட்டிப் பாக்கல. ஆனா அது அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு மட்டும்தான்." அவர் அண்ணனை மேலும் கீழும் அளந்தார். "நீ வர்றியா? இன்னிக்கே எழுதிக்கறேன்."

வீட்டில் இதைச் சொன்னபோது தங்கை சிரித்தாள். "போயேன்ணே. உன் தொப்பை முதல்ல எல்லைக்கோட்டைத் தொட்டுடும். நீ சாயங்காலத்துக்குள்ள வந்து சேர்ந்தா போதும்."

வயது வரம்பு முடிந்த மறுமாதம் அதே அதிகாரி ஆள் அனுப்பினார். தப்பித்தவறி வருகிற பையன்களும் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்களாம். முன்னால் ஒரு பெண் ஓடினால் ரோஷத்தில் ஓடி முடிப்பார்கள், தினக்கூலி உண்டு. கோடு வருவதற்குள் அவள் ஒதுங்கிவிட வேண்டும்.

"போடான்னு சொல்லி அனுப்பு," என்றான் அண்ணன்.

"சொல்லிட்டு? இறால் கம்பெனிக்கா?"

அவள் போனாள். பின்னால் ஓடிய பையன்கள் எல்லாரும் தேறினார்கள்.

அதுவரை ராணுவத் தாள்களில் அவளுடைய கைரேகையைத்தான் வாங்கியிருந்தார்கள். கையெழுத்து, வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும். கூலிப் பதிவேட்டில் அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது 2015 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை.