கரண்ட் திரும்பும் நேரம்

போன வாரம் நான் குடியிருக்கும் ஆர்ஹூஸ் நகரத்தில் கரண்ட் போயிற்று. டென்மார்க் வந்த ஆறு வருடத்தில் இதுவே முதல்முறை. மற்றவர்கள் மெழுகுவத்தி தேட, நான் ஓடிப்போய் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். கரண்ட் வந்த பிறகும் மாட்டாமல் நின்றேன். எட்டிப் பார்த்த எதிர்வீட்டு கிர்ஸ்டன், "எங்கேயாவது நெருப்பா?" என்று பதறினார். "இல்லை, கரண்ட் வந்துவிட்டதே, அதற்குத்தான்" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போனதற்குப் பயப்படலாம், வந்ததற்குமா?

சென்னையை அடுத்த அண்ணனூரில் எங்கள் வீட்டில் அது சட்டம். கரண்ட் போனால் எல்லாவற்றையும் அணை. வந்தால் ஐந்து நிமிடம் பொறு. வந்த வேகத்தில் ஒரு ஃபிரிட்ஜும் இரண்டு டிவியும் புகைந்துபோன அனுபவம். சட்டம் போட்டவர் என் அண்ணி.

இங்கே ஆர்ஹூஸில், இதய நோய் ஆய்வகத்தில் என் பிழைப்பும் கிட்டத்தட்ட அதுதான் என்பது போன சித்திரையில்தான் எனக்கே உறைத்தது. அண்ணனுக்கு நெஞ்சுவலி. வாயுத் தொல்லை என்று சோடா குடித்து இரண்டு மணி நேரத்தை வீணாக்கிய மகானுபாவர் அவர். ஆவடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தார்கள். ரத்தம் பாய்ந்ததும் இதயம் தாறுமாறாகத் துடித்தது.

வீடியோ அழைப்பில் அண்ணி கத்தினார். "அடைப்ப எடுக்கறவரிக்கும் பேசிகினுதான் இருந்தாரு. எடுத்தப்புறந்தான் மெசின்ல கோடு ஆடுது. இன்னாவோ பண்ணிட்டாங்க. நான் வேற ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்!"

"வேண்டாம் அண்ணி!" என்று நானும் கத்தினேன். அந்த நிலையில் நகர்த்தினால் உயிருக்கே ஆபத்து. பட்டினி கிடந்த இதயத் தசைக்குள் திடீரென்று பாயும்போது, பிழைக்க வைக்கும் ரத்தமே கொஞ்சம் காயமும் செய்யும். அந்தக் காயத்தைக் குறைக்கத்தான் நாங்கள் வழி தேடுகிறோம். உறுதியான மருந்து இன்னும் சிக்கவில்லை. இத்தனை படித்தும் சொந்த அண்ணனுக்குக் கொடுக்க ஒன்றுமில்லையே என்று அழுகை முட்டியது. ஆக்சிஜன், செல் என்று ஏதேதோ உளறினேன்.

அண்ணி இடைமறித்தார். "இர்ரு. கரண்டு போய்த் திரும்பி வந்தா ஃபிரிட்ஜ் அடி வாங்கும்ல, அந்த மாதிரியா?"

"அதேதான் அண்ணி!"

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா பாப்பா? டாக்டரு பொறுங்க பொறுங்கன்னாரு, எதுக்குன்னு எனக்குப் புரியல." நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணன் அறைக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார். டாக்டர்கள் மருந்தேற்றிக்கொண்டே பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் துடிப்பு சீரானது. அப்பாடா! அடுத்த வாரம் அண்ணன் வீடு திரும்பினார்.

நேற்று வீடியோவில் அழைத்தேன். "ஸ்டேசன் வரிக்கும் நடந்தேன் பாப்பா, மூச்சே வாங்கல" என்று அண்ணன் பீற்றிக்கொண்டிருந்தபோது படம் இருண்டது.

"கரண்டு பூட்ச்சி!" அண்ணியின் குரல் கேட்டது. "ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணுங்க!"

ஆர்ஹூஸில் என் சமையலறை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் பிடுங்கிய ஃபிரிட்ஜ் பிளக் என் கையில் இருந்தது.