நனைந்த கார்த்தா

ஈரக் காகிதத்தின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி போகும்போது, அவித்த நெல்லின் மணத்துக்குக் கிட்டவாக ஒரு மணம் எழும். இத்தாலியின் பலெர்மோவில் வளர்ந்த எனக்கு அமெரிக்கப் பாலைவனத்தின் மணம் அதுதான் என்றால் சிரிப்பீர்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா பொலிதேயாமாப் பக்கம் 'சிஞ்ஞோரா' என்று நாங்கள் அழைத்த ஓர் இத்தாலிய அம்மாளின் வீட்டில் வேலை செய்தார். சிஞ்ஞோராவின் காலமான கணவர், தாம் நடந்து திரிந்த அமெரிக்கப் பாலைவன மலைநாட்டின் பழைய நிலவரைபடங்களை ஒரு பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். எங்கள் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் பத்திரங்களும், நிரப்பித் தருவதற்காக, அந்த வாரம் சிஞ்ஞோராவிடமே இருந்தன.

ஒரு காலையில் சிஞ்ஞோரா தொலைபேசியில், மேல்வீட்டுக் குழாய் உடைந்து "கார்த்தே" எல்லாம் நனைந்துவிட்டதாக அழுதார். இத்தாலிய மொழியில் காகிதமும் கார்த்தா, வரைபடமும் கார்த்தா; பன்மையில் கார்த்தே. எங்கள் வீட்டிலோ அந்தச் சொல்லுக்கு 'பெர்மெஸ்ஸோ', அதாவது வதிவிட அனுமதி, என்ற ஒரே பொருள்தான். "எங்கடை கார்த்தா நனைஞ்சு போச்சாம், இனி என்னெண்டு குவெஸ்தூராப் பொலிஸிலை போய் நிக்கிறது?" என்று பஸ் முழுக்கப் புலம்பியபடி அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனார்.

போய்ப் பார்த்தால் எங்கள் பத்திரங்கள் மேசை இழுப்பறையில் நனையாமல் சுகமாக இருந்தன; நனைந்தவை வரைபடங்கள். "பிள்ளையாரப்பா" என்று ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்த அம்மா, எதிரில் அழுதுகொண்டிருந்த சிஞ்ஞோராவைக் கண்டதும் சிரிப்பை விழுங்கிவிட்டார். "பாவம், மனுசன்ரை கால் பட்ட இடமெல்லாம் இதிலை இருக்காம். எனக்கு அது எப்படியோ அவவுக்கு இது அப்படி" என்று எழுந்து, கொடியில் கட்டி நீர் வடியவிட்டு, மெல்லிய துணி விரித்து ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டார். மூலைகளைப் பிடித்துக்கொண்டிருந்த நான், மண்ணிற மலைக்கோடுகளுக்கு நடுவே கிணறுகளையும் மாட்டுப்பட்டிகளையும் வறண்ட ஆறுகளையும் எண்ணினேன். "ஆளில்லாக் காட்டிலையும் கிணத்தைக் குறிச்சு வைச்சிருக்கிறாங்கள், புண்ணியவான்கள்" என்றார் அம்மா. அந்த வியப்பில் கை நின்றுவிட, ஒரு வரைபடம் பொசுங்கியது. அம்மா பெட்டியைத் தூக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார். சிஞ்ஞோராவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கே ஒரு மலை கூடிவிட்டது என்றார். அன்று மாலையே எங்கள் பத்திரங்களை நிரப்பி, வேலை தருபவராகக் கையெழுத்தும் போட்டு முடித்தார். நாங்கள் இந்த ஊரில் நிலைத்தது அந்தக் கையெழுத்தால்தான், நன்றி மறக்கக் கூடாது.

இன்று சிஞ்ஞோரா இல்லை, அந்த வீடு சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்குப் போகிறது. மற்ற வரைபடங்கள் எங்கே போயினவோ தெரியாது. பொசுங்கியதை மட்டும் அம்மாவுக்கே தந்திருந்தார். அது கண்ணாடிச் சட்டத்தில் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எங்களுக்குக் குடியுரிமை கிடைத்து, பெர்மெஸ்ஸோவுக்கு வரிசையில் நின்ற காலமும் போய்விட்டது. ஆனாலும் மழை பெய்தால் பிரான்காச்சோப் பக்கத்து வீட்டிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைப்பார்.

"பிள்ளை, கார்த்தா நனையேல்லைத்தானே?"

இப்போது அவர் கேட்பது வரைபடத்தைத்தான்.