இன்னாசி ரொட்ரிகோ திருப்பி வாங்கிய சொல்

செய்தி வந்தபோது என் முகத்தில் பாதி மீசைதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, சவரக் கடையில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் பியூன் சைக்கிளைச் சாய்த்து வைக்கக்கூட நிற்காமல் தெருவில் போட்டுவிட்டு உள்ளே வந்தான். "ஐயா, நம்ம ரொட்ரிகோ சார் போயிட்டாரு. காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தவரு மாரு வலிக்குன்னாராம். அவ்வளவுதான்." மீதியையும் எடுத்துவிடச் சொல்லி எழுந்து போனேன். மீசை இல்லாமல் வாசலில் நின்ற என்னை அவர் மனைவிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும், "ஐயோ, நீங்க அவருக்காக மீசைய எடுத்துட்டீகளா!" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வராமல் போவது எனக்குப் பழைய வியாதி. இந்தக் கட்டுரையே அந்த வியாதியைப் பற்றியதுதான்.

இன்னாசி ரொட்ரிகோவைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சுகாதார இலாகாவில் இன்ஸ்பெக்டர். தாமிரபரணி கடலில் விழுவதற்கு முன்னால் அதன் தண்ணீர் மனிதன் குடிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் சொன்னதை மூன்று நகல் எடுப்பது குமாஸ்தாவாகிய என் வேலை; மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். என்னைவிட நாலு வயது இளையவர் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார்.

அவரிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஐஸும் மரத்தூளும் அடைத்து, நடுவில் கண்ணாடி மூடி போட்ட பாட்டில்கள். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போவார். ஒருநாள் தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஏறிய ஏட்டு ஒருவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"என்னவே சரக்கு உள்ள?"

"ஆத்துத் தண்ணி, ஏட்டையா."

"ஆத்துத் தண்ணிக்கு எதுக்குவே ஐஸு?"

"மெட்ராஸுக்குப் பரிசோதனைக்குப் போவுது. வழியில சூடு பட்டா உள்ள இருக்க கிருமி குட்டி போட்டுரும். அப்புறம் ஆத்து மேல பொய்க் கேசு ஆயிரும்லா?"

பொய்க் கேசு என்றதும் ஏட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

தண்ணீர் பிடிப்பதில் ரொட்ரிகோவுக்கு ஒரு முறை இருந்தது. இடுப்பளவுக்கு இறங்குவார். காலடியில் கலங்கிய சேறு ஓடிப்போகும்வரை கொக்கு மாதிரி நிற்பார். பிறகு பாட்டிலின் வாய் ஆறு வருகிற திசையைப் பார்க்கும்படி ஒரு முழம் ஆழத்தில் அமுக்கித் திறப்பார். கரையில் நின்று மொள்ளக் கூடாது, பிறர் மொண்ட தண்ணீரை வாங்கக் கூடாது. "வீட்டுக்குள்ள வந்து ஒரு மணிக்கூறு ஆச்சுன்னா அது ஆத்துத் தண்ணி இல்ல அண்ணாச்சி, வீட்டுத் தண்ணி" என்பார். இதை என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். நானும் நூறு தடவை தலையாட்டியிருப்பேன்.

யுத்தம் மும்முரமாக நடந்த ஒரு கோடை. ஆறு ஓடையாக இளைத்துக் கிடந்தது. மேலே, இரவும் பகலும் ஓடிய ஒரு மில், பெயர் வேண்டாம். அதன் தொழிலாளர் குடியிருப்புச் சாக்கடை நேராக ஆற்றில் விழுந்தது. அதைப் பற்றி ரொட்ரிகோ மூன்று தடவை எழுதினார். நான் ஒன்பது நகல் எடுத்தேன். சாக்கடை விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில் ஆற்றோரத்து ஊர்கள் இரண்டில் வாந்திபேதி கண்டுவிட்டது.

ஆறு கடலைத் தொடும் இடத்தில் இருந்தது ரொட்ரிகோ பிறந்த ஊர். அங்கே சங்கு குளிக்கும் வள்ளங்கள் அந்தப் பருவத்தின் கடைசி ஓட்டத்துக்குத் தயாராக நின்றன. போனால் தீவில் தங்கி நாலைந்து நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். அதுவரை குடிப்பது பீப்பாயில் நிரப்பிக்கொண்டு போகிற ஆற்றுத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் கெட்டிருந்தால், வைத்தியர் இல்லாத தீவில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக விழ வேண்டியதுதான். வள்ளங்களின் சம்மாட்டி, அதாவது சொந்தக்காரர், ரொட்ரிகோவின் அண்ணன் அந்தோணி. அவருக்கும் நேரம் இல்லை. கடல் வற்றுகிற சில மணி நேரம்தான் படித்துறையில் உப்பில்லாத தண்ணீர் கிடைக்கும். அதோடு தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று எப்போது வேண்டுமானாலும் விழலாம். விழுந்தால் கடல் கலங்கிச் சங்கு கண்ணுக்குத் தெரியாது, பருவம் முடிந்தது.

இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. பியூனுக்குக் காய்ச்சல். ரொட்ரிகோ மேல்துறைக்குப் போனார். வள்ளக்காரர்கள் நிரப்புகிற கீழ்த்துறைக்கு என்னை அனுப்பினார்.

நான் படித்துறையில் நின்று ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் பச்சையாக நுரை கட்டிக் கிடந்தது; நடுவில் எருமைகள் உட்கார்ந்திருந்தன. பிறகு என் வேட்டியைப் பார்த்தேன். அன்று காலைதான் கஞ்சி போட்டுத் தேய்த்து வந்தது. பக்கத்து வீட்டு வாசலில் நின்ற ரோசம்மாள் என்ற பெண்மணி, "எதுக்கு ஐயா வேட்டிய நனைக்கீய? நா தாரேன். அதுவும் ஆத்துத் தண்ணிதான்" என்றார். உள்ளே போய்ப் பானையிலிருந்து செம்பில் கொண்டுவந்தார். பளிங்கு மாதிரி இருந்தது. பாட்டிலில் ஊற்றியது போக மிச்சத்தை நான் குடித்தேன். "கெணத்துத் தண்ணி தோத்துது போங்க" என்று பாராட்டினேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "சர்க்காருக்குக் கலங்கலாவா குடுக்கது? பானையில தேத்தாங்கொட்டைய நல்லா ஒரசித் தெளிய வச்சது ஐயா, அது."

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. மண்டையில் விழவில்லை.

ரொட்ரிகோ மேல்துறையிலிருந்து திரும்பி வந்து, மணலில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். மெட்ராஸிலிருந்து முழு முடிவு வர நாலு நாளாகும். அதுவரை கைப்பரிசோதனைதான் தீர்ப்பு. கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, கிணறுகளுக்குப் போடுகிற ஊதா மருந்தில் சில சொட்டு விடுவார். தண்ணீர் ரோஜா நிறமாகும். கால் மணி நேரம் நிறம் நின்றால் அப்போதைக்குக் குடிக்கலாம். அழுக்கு இருந்தால் அது நிறத்தைத் தின்றுவிடும்.

"சீக்கிரம் சொல்லுலே இன்னாசி, தண்ணி வத்தி முடியப் போவுது" என்று அந்தோணி தலைக்குமேல் நின்றார். அதனால் ரொட்ரிகோ நான் கொண்டுவந்ததை முதலில் பார்த்தார். கால் மணி ஆயிற்று. ரோஜா நிறம் ரோஜாவாகவே நின்றது.

"நல்லாத்தான் இருக்கு. ஏத்துங்க அண்ணே."

கூட்டம் ஆரவாரத்தோடு படித்துறைக்கு ஓடிற்று. ரொட்ரிகோ மேல்துறைத் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டார். ஐந்து நிமிஷத்தில் நிறம் செத்துப் பழுப்பாகியது. இரண்டு குழாயையும் ஜோடியாகப் பிடித்து வெயிலில் பார்த்தார். கீழ்த்துறைப் பாட்டிலைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார். ஒரு துளி வண்டல் இல்லை.

"அண்ணாச்சி, எங்கன எறங்குனீங்க?"

"படித்துறையிலதான்."

"எம்புட்டு ஆழம்?"

"இடுப்பளவு."

அவர் என் வேட்டியைப் பார்த்தார். மடிப்புக் கலையாமல் விறைப்பாக நின்றது. நான் அதுவரை எழுதிய எந்த நகைச்சுவையும் அந்த வேட்டிக்கு ஈடாகாது. அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, பீப்பா நெறஞ்சுக்கிட்டு இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: ரோசம்மாள், செம்பு, தேத்தாங்கொட்டை. அவர் முகம் வெளிறியது. "தேத்தாங்கொட்டை சேத்தத்தான் அடியில உக்கார வைக்கும். கிருமி அதுக்கு அடங்காது" என்று எழுந்து ஓடினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். மணலில் என் செருப்பு ஒன்று போயிற்று. குடித்த ஒரு செம்புத் தண்ணீர் வயிற்றில் தளும்புவது எனக்கு அப்போதுதான் கேட்டது.

பாதிப் பீப்பாய்கள் வள்ளங்களில் ஏறிவிட்டன. ரொட்ரிகோ வள்ளத்தின் மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார்.

"அண்ணே, நிப்பாட்டுங்க. நான் சொன்னது தப்பு."

"என்னது?"

"பரிசோதனை தப்பாப் போச்சு. இந்தத் தண்ணி வேண்டாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள டவுன் குழாய்த் தண்ணி வண்டியில கொண்டாரேன்."

"நாளைக்கா? சோழகம் ஒனக்கு மச்சானாலே, நாளைக்கு வான்னா வாரதுக்கு? நிப்பாட்டச் சொல்லிக் கடுதாசி இருக்கா?"

"கடுதாசி இல்ல. வாய்தான் இருக்கு."

"அந்த வாயிதானலே அரை மணிக்கு முந்தி ஏத்துன்னுச்சு?"

வள்ளங்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை. நான் முன்னால் போய், "சம்மாட்டி, அது வந்து, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். ரொட்ரிகோ திரும்பி, "அண்ணாச்சி, பெட்டியப் பிடிங்க" என்றார். பிடித்துக்கொண்டேன். ஏற்கெனவே என் கையில் இருந்த பெட்டியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

அவர் உடுத்தியிருந்த காக்கியோடு மார்பளவு இறங்கினார். எல்லாரும் பார்க்க, சேறு ஓடும்வரை நின்றார், பிடித்தார். வள்ளத்துப் பலகைமேல் குழாயை நிறுத்திச் சொட்டு விட்டார். ரோஜா நிறம் வந்தது. தலைகள் நெருங்கின. ஒரு நிமிஷம். இரண்டு. நிறம் அப்படியே இருந்தது. மூன்று. அந்தோணி பொறுமை இழந்து, பீப்பாயிலிருந்து ஒரு குவளை மொண்டார்.

"நா குடிக்கேன். எனக்கு என்ன ஆவுதுன்னு பாத்துட்டுச் சொல்லு."

ரொட்ரிகோ அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கடற்கரையில் யாரும் அந்தோணியின் கையைப் பிடித்ததில்லை. "கால் மணி பொறுங்க. நிறம் நின்னா நானும் ஒங்ககூட ஏறி வாரேன். இதே தண்ணியத்தான் குடிப்பேன்."

குவளை அந்தரத்தில் நின்றது. கடல் வற்றி முடிந்து, ஏற்றம் படிக்கல்லை நக்க ஆரம்பித்தது. ஏழாம் நிமிஷம் நிறம் மங்கிற்று. ஒன்பதாம் நிமிஷம் குழாயில் இருந்தது துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர்.

அந்தோணி குவளையைக் கவிழ்த்தார். "எல்லாத்தையும் கொட்டுங்கலே" என்றார். தம்பியைப் பார்க்காமலே கரையேறிப் போனார்.

மறுநாள் சொன்னபடி வண்டிகளில் குழாய்த் தண்ணீர் வந்தது. அதற்கு முன்னால் விடியற்காலையில் சோழகம் வந்துவிட்டது. வள்ளங்கள் போகவில்லை. ரொட்ரிகோ ஒரு வாரம் அந்த ஊரிலேயே கிடந்து, வீடு வீடாகத் தண்ணீரைக் காய்ச்ச வைத்தார். நான் மூன்று நாள் வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வயிறு முணுமுணுத்த போதெல்லாம் உயில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. தெய்வங்களுக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு. நாலாம் நாள் மெட்ராஸிலிருந்து தந்தி: ஆற்றிலிருந்து பிடித்த இரண்டும் குடிக்கத் தகாது.

ஆனால் கடற்கரையில் தந்தியை யார் படித்தார்கள்? கடலுக்குப் போனவர் இல்லை, குடித்தவர் இல்லை, அதனால் விழுந்தவரும் இல்லை. ஒருவரும் விழாததனால் ஒருவரும் நம்பவில்லை. 'ரெண்டு நாக்கு இன்சுபெட்டரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணன் இரண்டு வருஷம் தம்பி வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் யாரோ பின்னாலிருந்து அந்தப் பெயரைச் சொன்னபோது நான் நெளிந்தேன். ரொட்ரிகோ பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நான் ஒரு நாக்குக்காரனா இருந்திருந்தா, இன்னைக்கு இப்படிக் கூப்பிட அவன் இருந்திருக்க மாட்டானே அண்ணாச்சி."

"நீங்க ஏன் என் பேரச் சொல்லல?"

"தண்ணி பிடிக்கத் தெரியாதவர அனுப்புனது யாரு? நான்தான?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. தூத்துக்குடியில் யார் வீட்டில் என்ன வெந்தது என்பதுவரை எழுதியவன் நான். இந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில், குழியில் மண் தள்ளி முடிந்ததும், அந்தோணி என் பக்கத்தில் வந்து நின்றார். இப்போது கிழவர். "தங்கமான பய. அந்த ஒரு நாளுதான் என்னமோ அவசரத்துல பாக்காமச் சொல்லிப்புட்டான்" என்றார்.

பெட்டியைப் பிடிக்கச் சொல்ல இந்தத் தடவை யாரும் இல்லை. அதனால் சொன்னேன். வேட்டி, ரோசம்மாள், செம்பு, 'இடுப்பளவு' என்ற பொய், எல்லாம். அவர் குனிந்து, புது மண்ணில் ஒரு கட்டியை எடுத்துக் கையில் உதிர்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீருன்னா, ஒம்மத் தூக்கி ஆத்துல எறிஞ்சிருப்பேன் வேய்."

"தெரியும். அதான் சொல்லல."

"அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார் அந்தோணி. "ஒம்ம எங்க எறிஞ்சிருப்பேன்னு. அதான் ஒம்மப் பேச விடல."

ரொட்ரிகோவின் பெட்டி இலாகாவுக்குப் போய்விட்டது. காக்கிச் சட்டைகளை அவர் மகன் எடுத்துக்கொண்டான். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தத் தப்பு ஒன்றைத்தான். என்னுடையதை இத்தனை வருஷம் அவர் தம் பெயரில் வைத்திருந்தார். அவரை அறிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு நாக்கு இன்ஸ்பெக்டர் கதையை இனியும் சொல்லுங்கள், நல்ல கதை, விட்டுவிடாதீர்கள். 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்ன நாக்குக்கு மட்டும் என் பெயரைப் போடுங்கள். மார்பளவு தண்ணீரில் நின்று 'நான் சொன்னது தப்பு' என்று சொன்னதுதான் இன்னாசி ரொட்ரிகோ.