ரெண்டே மேட்ச் ஆடியவன்

எழுபதுகளில் எங்கள் துபாய் ஆபீஸ் டீமில் நான்தான் ஓப்பனிங் ஆடுவேன். தன் ஊரில் கவுண்டி கிரிக்கெட் ஆடிய இங்கிலீஷ்காரன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த இடம் அவனுக்குப் போனது. "நடையிலேயே என்ன ஸ்டைல் பாருங்க!" என்றாள் என் மனைவி. எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை மேட்ச். மணல்மேல் விரித்த கயிற்றுப்பாயில் பந்து எகிற, முதல் பந்திலேயே அவன் அவுட். மனசுக்குள் துள்ளிக் குதித்தேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அங்கேயும் இப்படித்தான். ரெண்டே மேட்ச், டீமை விட்டுத் தூக்கிட்டாங்க. இனி இங்கேயும் கூப்பிட மாட்டீங்கதானே?"

"டியூட்டியில இருக்கறவங்க போக, பதினோரு பேர் சேர்றதே பெரும்பாடு. இங்கே யாரையும் தூக்கினதே இல்லை" என்றேன்.

"உன்னை ஒரு தடவைகூடத் தூக்கினதில்லையா?" என்று என்னையே பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வாரம் முழுக்க நான் அவனைப் பார்த்த பார்வை அது.