கவிழ்த்துத் தொங்கவிட்ட கூடைகள்

ஸ்ரீவராகத்தில் சூடாமணியின் வீட்டுக்கு வழி கேட்டால், “கூடைக்கார மாமி வீடா?” என்று திருப்பிக் கேட்பார்கள். அதில் கொஞ்சம் கேலியும் உண்டு. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வெள்ளையம்பலத்தில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இருபத்தொரு வருஷம் வரைபடம் போட்டவள் அவள். அலுவலகம் கொச்சிக்கு மாறியபோது அவளையும் கூப்பிட்டார்கள். கணவர் வெங்கடேஸ்வரனுக்கு இங்கே கருவூலத்தில் வேலை, மகளுக்குப் பத்தாம் வகுப்பு. அவள் போகவில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருப்பது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலை பத்து மணிக்குக் கையில் பென்சில் இல்லாவிட்டால் தலைவலி வந்துவிடும்.

அந்த நாட்களில்தான் கனகக்குன்னில் நடந்த கைவினைச் சந்தைக்குப் போனாள். அங்கே கூடை விற்ற காணிப் பழங்குடிப் பெண் ஒருத்தி, வாடிக்கையாளர் ஒருவரிடம் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தாள். கூடைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தர முடியுமா என்று அவர் கேட்டிருந்தார்.

“பெயின்ட் அடிச்சா இது மூச்சு விடாது சாரே. சிவப்பு வேணும்னா பிளாஸ்டிக் வாங்கிக்கோங்க” என்றாள் அவள்.

அவள் பெயர் வசந்தகுமாரி. கோட்டூருக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் ஒரு குடியில் பதினோரு பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. மூங்கிலைவிட மெல்லிய ஈற்றையைக் கீறிக் கூடையும் பாயும் முடைவது அவர்கள் தொழில். காணிகளின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். சூடாமணிக்கும் இரண்டும் தெரியும். அன்று மாலை வரை இருவரும் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து பேசினார்கள்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. நகரத்து ஃபிளாட்டுகளுக்கு ஏற்ற மாதிரி சூடாமணி துணிக்கூடையும் ரொட்டித் தட்டும் வரைந்து வாட்ஸாப்பில் அனுப்புவாள். வசந்தகுமாரி விளிம்பை மாற்றுவாள், கைப்பிடியை இறக்குவாள், பிறகு முடைந்து அனுப்புவாள். நகரத்தில் கவடியார், பட்டம் பகுதிகளில் கேட்டு வாங்க ஆள் இருந்தது.

அதன் பிறகுதான் அந்த விடுதி வேலை வந்தது. விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்தபின் எழுந்த புதுக் கட்டடம் அது. சாப்பாட்டுக்கூடத்துக்கு முப்பது தொங்குவிளக்குகள் கேட்டார்கள். வாய் அகன்ற ஒரு வட்டக்கூடையை வரைந்து அளவு போட்டு சூடாமணி மலைக்கு அனுப்பினாள். அது எதற்கு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவளுடைய பழைய அலுவலகத்தில் ஆசாரிக்குக் கதவின் அளவைத்தான் கொடுப்பார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் யார் தூங்கப் போகிறார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

கூடைகள் வந்தன. எலக்ட்ரீஷியன் அவற்றைக் கவிழ்த்து, அடியில் துளை போட்டு, உள்ளே பல்பு மாட்டித் தொங்கவிட்டார். பார்க்க அத்தனை அழகு. திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, தன் கைவேலை எங்கே இருக்கிறது என்று வசந்தகுமாரி பார்க்கட்டுமே என்று சூடாமணி அவளை அழைத்துப் போனாள்.

வசந்தகுமாரி சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தாள். அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றாள். இரண்டடி பின்வாங்கி வாசலுக்கு வெளியே போய்விட்டாள். சூடாமணி பின்னாலேயே ஓடினாள்.

“சேச்சி, இங்க யாரு மரிச்சது?” என்று வசந்தகுமாரி கேட்டாள்.

சூடாமணிக்கு ஒன்றும் புரியவில்லை.

“எங்க கூட்டத்தில வீட்ல ஒருத்தர் மரிச்சா, அவங்க புழங்கின கூடையக் கவுத்து வாசல்ல தொங்க விடுவோம். மத்த குடிகள்ல எப்படியோ, எங்க குடியில அப்படித்தான். இங்க முப்பது தொங்குது. எல்லாம் எங்க கையால முடைஞ்சது.” அவள் குரல் உயரவில்லை. “இதுக்கடியில உக்காந்து மனுஷங்க சோறு திங்கப் போறாங்களா?”

விடுதி மேலாளர் அனில் மோசமான மனிதர் இல்லை. சூடாமணி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“மேடம், இங்க வர்றவங்களுக்கு இது வெறும் லைட்டு. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரிஞ்சு போச்சு அனில். முடைஞ்சவங்களுக்கும் தெரிஞ்சு போச்சு.”

அவர் அண்ணாந்து விளக்குகளை எண்ணினார். “இறக்கிடலாம். பட்சே ரெண்டு வாரத்துக்குள்ள எனக்கு வேற விளக்கு வேணும். இல்லேன்னா நான் வெளிய வாங்கிக்குவேன்.”

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் காபியைக்கூடத் தொடவில்லை. வெங்கடேஸ்வரன் என்ன என்று கேட்டார்.

“ஏன்னா, ரெண்டு வருஷமா அவகிட்ட தினம் பேசறேன். என்ன முடையணும்னு சொன்னேனே தவிர, எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலை.”

“நம்மாத்துல வாழையிலையை நுனி மாத்திப் போட்டா நீ அதுல உக்காந்து சாப்பிடுவியோ? அவாளுக்கும் அது மாதிரிதானே” என்றார் அவர். “இங்க உக்காந்து அழுது என்ன பிரயோஜனம்? நாளைக்கே போய்ப் பேசிட்டு வா.”

மறுநாள் கோட்டூர் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஜீப்பில் குடிக்குப் போனாள். எப்போதும் ஓடிவந்து பையை வாங்கிக்கொள்ளும் பெண்கள் அன்று எழுந்திருக்கவில்லை. சங்கக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் சூடாமணி தன் தப்பைச் சொன்னாள். விளக்கு என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றாள். கூடைகளை இறக்க ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் சொன்னாள்.

“வாய் மேல பாக்க இருந்தா எங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றாள் வசந்தகுமாரி கடைசியில்.

“அப்போ வெளிச்சமெல்லாம் கூரைக்குப் போயிடும் வசந்தா. சாப்பிடறவங்க தட்டுல இருட்டுதான் இருக்கும்.”

வசந்தகுமாரி எழுந்து வீட்டுக்குப் போய், ஓடையில் மீன் அரிக்கிற ஒரு பழைய கூடையோடு வந்தாள். அதன் அடிப்பக்கம் தண்ணீர் வடிவதற்காகக் கண்கண்ணாக விட்டு முடைந்திருந்தது. கொட்டகையின் இருண்ட மூலைக்கு அதைக் கொண்டுபோய், தன் செல்போன் டார்ச்சை உள்ளே போட்டுத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். தரையில் சின்னச் சின்ன வெளிச்சக் கட்டங்கள் விழுந்தன. கூடையை அசைத்தபோது அவையும் அசைந்தன. பெண்களில் யாரோ “அய்யோ” என்று சிரித்தார்கள்.

“இதுபோல அடியில கண்ணு விடலாம். விளிம்புல நாலு கயிறு கட்டித் தொங்கவிட்டா வாய் மேல இருக்கும்” என்றாள் வசந்தகுமாரி. “இப்ப வரைஞ்சுக்கோங்க சேச்சி.”

சூடாமணி தரையில் உட்கார்ந்து வரைந்தாள். கண்ணின் அளவை வசந்தகுமாரி தன் சுண்டுவிரலை வைத்துச் சொன்னாள்.

கண் விட்டு முடைவதற்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. நடுவில் நாலு நாள் மழை. முப்பதுக்குப் பத்தொன்பதுதான் முடிந்தது. அனில் பத்தொன்பதையும் பெரிய கூடத்தில் மாட்டிக்கொண்டு, பக்கத்து அறைக்குக் கண்ணாடி விளக்குகள் வாங்கினார். இறக்கிய கூடைகளை என்ன செய்வது என்று சூடாமணி தயங்கியபோது, “கூடை என்ன தப்பு செஞ்சது? நிமித்தி வச்சா அது கூடைதான்” என்றாள் வசந்தகுமாரி. துளைகளைப் பின்னி அடைத்தபின் ஆரியசாலையில் தாணுலிங்கம் என்ற வியாபாரியின் கடையில் அவை வெங்காயக்கூடைகளாக விற்றுத் தீர்ந்தன.

இத்தோடு பாடம் படித்துவிட்டதாகத்தான் சூடாமணி நினைத்தாள். நாலு மாதம் கழித்து, கவடியாரில் இருக்கும் ஆஷா என்ற பெண் தன் நாய்க்கு ஈற்றையில் படுக்கை வேண்டும் என்று கேட்டாள். சூடாமணிக்கு முகம் சுருங்கியது. “அவங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அடுத்த முறை மலைக்குப் போனபோது, உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்கிற தோரணையில் அதை வசந்தகுமாரியிடம் சொன்னாள்.

வசந்தகுமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்ககிட்ட கேக்காம வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு? எங்க வீட்டு நாய் எதுல படுத்திருக்குன்னு பாருங்க.”

வாசலோரம் ஒரு கிழிந்த கூடைக்குள் செவலை நாய் சுருண்டு கிடந்தது.

“நீங்க தப்பா நினைச்சுக்கப் போறீங்கன்னு...”

“அன்னிக்கும் நீங்களா நினைச்சீங்க. இன்னிக்கும் நீங்களா நினைக்கிறீங்க. ஒரு போன் போட்டா போதாதா சேச்சி?”

கவிழ்த்த கூடைகளின் கீழே நின்றபோதுகூட சூடாமணிக்கு இவ்வளவு வெட்கம் வந்ததில்லை. அங்கேயே ஆஷாவைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். வசந்தகுமாரி போனைப் பிடுங்கி, “நாய்க்கு எத்தனை கிலோ கனம் உண்டு? கடிக்குமா?” என்று நேரடியாக விசாரித்தாள்.

அதற்குப் பிறகு, மாதத்தில் ஒரு நாள் வசந்தகுமாரி நகரத்துக்கு வருகிறாள். வாங்குகிறவர்களின் வீட்டுக்கு இருவரும் சேர்ந்தே போகிறார்கள். சூடாமணிக்கு நியாயமாகத் தோன்றும் சிலவற்றை வசந்தகுமாரி மறுத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால் சில சமயம் காரணம் சொல்வாள், சில சமயம் சொல்வதில்லை. அதோடு இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள் சூடாமணி.

போன மாதம் பட்டத்தில் ஒன்பதாவது மாடி வீடு ஒன்றுக்குப் போனார்கள். பால்கனியில் வைக்கத் துணிக்கூடை கேட்டிருந்தார்கள். சூடாமணி முன்கூட்டியே வரைந்து கொண்டுவந்திருந்தாள். வசந்தகுமாரி பால்கனியில் நின்று வெயிலைப் பார்த்தாள், தரையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இங்க வச்சா கோடைக்குள்ள வெடிச்சிரும். உள்ள அந்தச் சுவரோரம் வைக்கலாம். ஆனா அங்க இவ்வளவு உயரம் ஆகாது.”

சூடாமணி வரைந்த தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, அளவு டேப்பை எடுத்து அவளிடம் ஒரு முனையைக் கொடுத்தாள்.